இரண்டு பெருவிரல்கள்

கெண்டை கடித்தால் விழிப்பு வரவேண்டும் என்று தூண்டில் நரம்பைக் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு படுப்பது அப்பாவின் பழக்கம். அன்று அணைக்கரையின் மார்கழிக் குளிரில் விரல் விறைத்து, நரம்பு நழுவிக்கொண்டே இருந்தது. அவர் இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துச் சுற்றிவிட்டார். காப்பி ஊற்றிக்கொண்டிருந்த செண்பகத்தின் கை அப்படியே நின்றது.

“ஒத்த விரல்ல கட்டுங்கப்பா.”

“ஏன், ரெண்டுல கட்டினா மீனு கோவிச்சுக்குமாக்கும்.”

அவள் கணவன் தன் தூண்டிலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். அவனுடைய கூட்டாளி சேவியர் நன்றாக எரிந்துகொண்டிருந்த நெருப்பைப் போய் ஊதினான். காரணத்தை யாரும் வாயால் சொல்லவில்லை. அப்பா போர்வையை முகத்துக்குமேல் இழுத்துக்கொண்டார்.

எல்லோரும் உறங்கியும் செண்பகம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் குறட்டை கேட்டது. பிறகு அலை கரையைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. விரல்கள் சேர்ந்தாற்போல் ஆடின, நின்றன, மறுபடி ஆடின. ஆட்டுவது மீனா, அவரா? போர்வையை விலக்கிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. கால்மாட்டுக்கு ஊர்ந்துபோய்க் குனிந்து நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். இருட்டில் பெரிய மீன் ஒன்று தண்ணீரை அறைந்துவிட்டுப் போனது.

விரல்கள் சில்லென்றிருந்தன. மார்கழியில் யாருடைய விரலும் அப்படித்தான் இருக்கும். கடித்த மீனை விட்டவளை அப்பா சும்மா விடமாட்டார். பிறந்ததிலிருந்து வாங்கிய வசவுகளில் ஏதாவது ஒன்று போர்வைக்குள்ளிருந்து வரட்டும் என்று, விரல்களைப் பொத்திப் பிடித்தபடி காத்திருந்தாள்.