சாளைக் குழம்பு

ரெக்சன் கடலுக்குப் போய் நாற்பது நாளாகிறது. படகு மட்டும் கவிழ்ந்து புன்னைக்காயலில் ஒதுங்கியது.

இன்றும் அவனுடைய அம்மா அமலோற்பவம் சாளைக் குழம்பு வைத்திருந்தார்.

ரெக்சனின் மனைவி ஃபிளோரா தட்டைத் தள்ளினாள். “வேண்டாம் மாமி. இது கடல்ல அவியளத் தின்ன மீனா இருந்தா?”

“வாயக் கழுவுட்டி. மீன விட்டா, எம்பிள்ள செத்துட்டான்னு நாமளே சொன்ன மாதிரி. அவன் வருவான். சாப்பிடு.”

ஃபிளோரா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். அமலோற்பவம் வழக்கம்போல் தன் தட்டோடு கொல்லைக்குப் போனார்.

தண்ணீர் கொடுக்கப் பின்னால் போன ஃபிளோரா, கொல்லை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

முருங்கை மரத்தடியில் வரிசையாகச் சின்னச் சின்ன மண்மேடுகள். புதிதாகத் தோண்டிய குழியில் அமலோற்பவம் சாளைகளை ஒவ்வொன்றாக வைத்தார். பிறகு, இறந்தவர்களுக்கான செபத்தைச் சொல்லிக்கொண்டே ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார்.