வாசலில் ஒதுங்கிப் போகும் எந்திரம்

கொரியாவின் பூசான் நகரத்துப் பழைய சாமான் சந்தையில் கடைக்காரரோடு மல்லுக்கட்டி, பாதி விலைக்கு ஒரு லேசர் கண்ணை வாங்கிவந்தான் பொறியியல் மாணவன் தேஹுன். வீட்டில் தானே செய்த, தரையில் தானாக நகர்ந்து பெருக்கும் எந்திரத்தில் அதைப் பொருத்தினான். வழியில் தட்டுப்படுகிற எல்லாவற்றையும் எந்திரம் திரையில் வரைந்து காட்டியது.

ஒன்றுமே இல்லாத வாசலில் மட்டும் அது ஒதுங்கிப் போனது. திரையில் அந்த இடத்தில் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

கடைக்காரருக்குப் போன் போட்டான். "அண்ணே, உங்க கண்ணு இல்லாததையெல்லாம் பாக்குது."

"பாதி விலைக்கு இல்லாததையும் சேத்துக் காட்டுதா? உனக்கு லாபந்தானடா!"

அம்மா திரையை எட்டிப் பார்த்தாள். அப்பா போன மீன்பிடிப் படகு திரும்பாமல் ஒரு வருஷமாகிறது. உறவுக்காரர்கள் திதி கொடுக்கச் சொன்னபோதெல்லாம், "உசுரோட இருக்கிற மனுஷனுக்கு எதுக்குத் திதி?" என்று விரட்டிவிட்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

"உள்ள பாத்துதான்மா."

"செருப்பு?"

"இல்லம்மா. விரலெல்லாம் தெரியுது."

அம்மா அடுக்களைக்குப் போனாள். கிண்ணம் நிறையச் சோறு எடுத்து மேசையில் வைத்தாள். அந்த ஊரில் செத்தவர்களுக்கு மட்டும் செய்வதுபோல, கரண்டியைச் சோற்றில் நெட்டுக்குத்தலாகக் குத்தினாள். பிறகு வாசல் கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க."

எந்திரம் அடுத்த சுற்றில் வாசலை நேராகப் பெருக்கிப் போனது. மேசையருகே வந்ததும், வெறுந்தரையில் எதையோ சுற்றி ஒதுங்கி வளைந்தது.

அம்மா ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள்.