கெட்டி மரம்

"கெட்டி மரத்தைச் செதுக்கிப் பண்ணதுதானே? ஒட்டுப் பலகை இல்லையே?" வில்லால் வாசிக்கும் ஆளுயர டபுள் பேஸ் வாத்தியத்தைத் தடவிக்கொண்டே கேட்டார் பெரியவர்.

"அசல் செதுக்கு வேலை சார். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க," என்றார் கடைக்காரர்.

அது ஒட்டுப் பலகைதான். இரண்டு வருடமாக விலைபோகாமல் மூலையில் நின்றது. பெரியவருக்கோ வாத்தியத்தைப் பற்றி ஆனா ஆவன்னாகூடத் தெரியவில்லை.

அதை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, ரசீதுக்காகப் பெரியவர் உள்ளே வந்தார்.

"யாரு சார் வாசிக்கப்போறது?"

"என் மருமக. என் பையனைக் கட்டிக்கிட்டான்னு கோபப்பட்டு, கல்யாணத்துக்கும் வராம, அவ அப்பா பழைய வாத்தியத்தைப் போட்டு உடைச்சுட்டாராம். அஞ்சு வருஷம் கழிச்சு நேத்துதான் வாய் திறந்து வேணும்னு கேட்டா."

கடைக்காரரின் பேனா நின்றது.

"இங்கதான் வாங்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னா. 'அப்பாவுக்கு என்னைப் பிடிக்காம போயிருக்கலாம், ஆனா மர விஷயத்துல பொய் சொல்ல மாட்டார்'னா." பெரியவர் அவர் கையைப் பற்றினார். "இனியாவது வீட்டுக்கு வாங்க, சம்பந்தி."

கையை உதறிக்கொண்டு கடைக்காரர் வாசலுக்கு ஓடினார். வேன் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

கம்பியில் வில் பட்ட மாத்திரத்தில் அது ஒட்டுப் பலகை என்று மகளுக்குத் தெரிந்துவிடும். யாருக்கென்று தெரிந்தேதான் அப்பா இதைக் கொடுத்தனுப்பினார் என்று நினைப்பாள்.