பச்சைக் கதவு

"எந்திரிங்கக்கா. கொத்தனார் எவ்வளவு நேரம் நிப்பாரு?"

கட்டடக் கமிட்டித் தலைவர் கேட்டும் ஆர்கன் அக்கா அசையவில்லை. பச்சைக் கதவுக்கு முதுகைக் கொடுத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சபையில் ஆர்கன் வாசிப்பதால் எல்லோருக்கும் அவர் ஆர்கன் அக்கா. வயதில் மூத்த தலைவருக்கும் அக்காதான்.

"கலவை இறுகிப் போயிடும்மா," என்றார் கொத்தனார்.

மறுநாள் புதுக் கோயில் பிரதிஷ்டை. அதற்குள் அந்தப் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தாக வேண்டும்.

"இந்தச் சபை எங்க அப்பாவோட மரக்கிடங்குல ஆரம்பிச்சது, தெரியுமில்ல?" என்றார் தலைவர்.

"தெரியும். மழை பெஞ்சா பாட்டுப் புத்தகத்தைத் தலையில கவுத்துக்குவீங்க. வாராவாரம் சொல்றீங்களே."

"அப்புறம் சின்னக் கோயில். அதுவும் பத்தல, ஜனங்க வெயில்ல நின்னாங்க. ஒரு ஞாயிறுகூட ஆராதனை நிக்கக் கூடாதுன்னு, அதைச் சுத்தியே இதைக் கட்டினேன். கூரை போட்டதும் உள்ளே இருந்த பழசைப் பிரிச்சு, கல்லு கல்லா முன்வாசல் வழியா வெளியே அனுப்பினேன். புதுக் கட்டடத்தோட சேர்த்துக்கிட்ட இந்த ஒரு பக்கச் சுவரும் கதவும்தான் மிச்சம்."

"மிச்சம் இருந்துட்டுப் போகட்டும்."

தலைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எதுக்கு? வாராவாரம் ரெண்டாம் பாட்டு பாடுறப்போ கிரீச்னு ஒரு சத்தம். எவனோ ஒரு சோம்பேறி அப்பத்தான் உள்ளே வரான். கடைசி ஜெபத்துல மறுபடியும் கிரீச். எனக்கு ஜெபமே ஓட மாட்டேங்குது."

"யாருன்னு திரும்பிப் பார்த்திருக்கலாமே?"

"முன் வரிசையில உக்காந்துட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தா நல்லாவா இருக்கும்?"

சபையில் ஏற்கெனவே பேச்சு கிளம்பியிருந்தது. தான் வாசிக்கும்போது காற்று வரவேண்டுமாம், அதற்காக அக்கா எல்லோரையும் ஆட்டி வைக்கிறாராம். அக்கா மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

தலைவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"உங்களுக்குத் தெரியாததாக்கா? தொழிலுக்கு வரமாட்டேன்னு சொன்னதுக்கு, சின்னக் கோயில் வாசல்ல, அத்தனை பேர் முன்னாடி, 'இனி இந்த வாசப்படியை மிதிக்காதே'ன்னு என் பையனை விரட்டினேன். அந்தப் படியை நானே கடப்பாரையால பேர்த்துப் போட்டேன். லாரியே நுழையிற மாதிரி இவ்வளவு பெரிய வாசல் எதுக்கு வச்சேன்? அவன் வந்தா ராஜா மாதிரி அது வழியாத்தான் வரணும். எல்லாரும் பார்க்கணும். வேற வழியே இருக்கக் கூடாது."

மகனை நினைத்து ஏங்கியே மனிதர் பாதியாகிப் போயிருந்தார். கடைசி ஜெபத்தை, முன் வரிசையில் பீடத்தைப் பார்த்து நின்றபடி அவர்தான் செய்வார். ஒவ்வொரு முறையும் பிள்ளைகளுக்காக வேண்டும் இடத்தில் வார்த்தை தடுமாறும்.

கொடுத்த வாக்கை மீறுவது அக்காவுக்கு அத்தனை கஷ்டமாக இருந்தது.

"சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்," என்றார் மெல்ல. "ஆர்கன்கிட்ட உக்காந்தா, கடைசி பெஞ்சு, தூண் மறைவு எல்லாம் எனக்குத் தெரியும். சபை பெருகப் பெருக, பழைய ஆளுங்க எல்லாரும் முன்னாடி வந்து உக்காந்துட்டீங்க. பின்னாடி இருக்கிற புது ஜனங்களுக்கு அவன் யாருன்னே தெரியாது."

"யாருக்கா?"

"வாசப்படியை மிதிக்காதேன்னு நீங்க சொன்னதை இன்னைக்கு வரைக்கும் மீறாதவன். 'தூரமாய்ப் போன பிள்ளைகளைத் திரும்பக் கொண்டு வாரும்'னு ஜெபம் பண்றீங்களே அண்ணே... அதுக்கு ஆமென் சொல்லிட்டுத்தான் போறான்."

தலைவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு... வருவானா?"

"வருவான். ஆனா திரும்பிப் பார்த்துடாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் வரமாட்டான். அவனா முன்னாடி வர்ற வரைக்கும் பொறுத்துக்கோங்க."

கொத்தனார் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இரண்டு அடி போனவர் திரும்பினார்.

"அடைக்கலைன்னா, கீலுக்குக் கொஞ்சம் எண்ணெயாவது விட்டுட்டுப் போகவாங்கய்யா? சத்தம் வராது."

"ஐயோ, வேண்டாம்ப்பா!" என்று பதறினார் தலைவர். "அது எனக்குக் கேக்கணும்."