அம்மா கையில் பூக்கள்

எங்கள் லாத்விய ஊர் அருங்காட்சியகத்தில், சோவியத் டாங்கியின் முன்னால் என் அம்மா பூக்களோடு நிற்கும் புகைப்படம் ஒன்று உண்டு. ஆட்சி மாறியதும், அதன் கீழிருந்த 'விடுதலை' பலகையைக் கழற்றி 'ஆக்கிரமிப்பு' பலகையை மாட்ட, அங்கே வேலை பார்க்கும் நானும் வெல்தாவும் போனோம்.

"அஞ்சு பூ, ஒத்தப்படை. உங்கம்மா வந்தவனுக்கு வரவேற்பு குடுத்திருக்கா," என்றாள் வெல்தா.

"ஆறுடி. சாவுக்குத்தானே ரெட்டைப்படையில பூ குடுப்போம்? கண்ணு அவிஞ்சு போச்சா?"

"போன வருஷம் நீயே அஞ்சுன்னுதானே பீத்திக்கிட்ட!"

பழைய பலகையைக் கழற்றினேன். புதியது இன்னும் வெல்தாவின் கையில் இருந்தது. படத்தின் கீழே எழுத்தே இல்லாத அந்தக் கணத்தில், அம்மாவின் கை காலியாக இருந்தது. அவள் டாங்கியைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தாள்.

எங்கள் காலடியில் ஈரமான பூக்கள் கிடந்தன. எண்ணிப் பார்க்க இருவருமே குனியவில்லை.