முதல் மதிப்பெண் மருத்துவர்

நோயாளிகள் அதிக மதிப்பெண் தரும் மருத்துவரின் பேச்சைத்தான் மருத்துவமனைகளின் பயிற்சித் திரை மற்ற மருத்துவர்கள் எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தது. நான்கு வருடமாக அந்த முதலிடத்தில் இருந்தவள் டாக்டர் தமயந்தி. அவள் முகத்தையே பார்க்காதவர்கள்கூட அவளைப் போலவே பேசப் பழகியிருந்தார்கள்.

விடுப்பில் சொந்த ஊருக்கு வந்திருந்தபோது, அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். அங்கிருந்த இளம் டாக்டர் ஃபர்ஹானா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணும் இல்லைங்கய்யா. வயசானா அப்படித்தான் இருக்கும்."

அது தமயந்தியின் வாக்கியம். அதே இழுப்பு, அதே அவசரம். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இப்படிப் பேசாதம்மா," என்றாள் தமயந்தி.

"அதிக மார்க் வாங்கின பேச்சுங்க இது. டாக்டர் தமயந்தி பேசுறது."

"நான்தாம்மா தமயந்தி. அந்த மார்க்க நானேதான் போட்டுக்கிட்டேன். படிக்கத் தெரியாத நோயாளிங்க கையிலேருந்து மார்க் போடுற கருவிய வாங்கி, நானே அழுத்திருவேன். வெளிய அவ்வளவு கூட்டம் நிக்கும்."

ஃபர்ஹானா திகைத்துப்போனாள். "அப்ப நான் எப்படிக் கேக்கணும்?"

தமயந்தி அப்பாவை மறுபடி உட்காரவைத்தாள். "அவர் முகத்தப் பாத்துக் கேளு."

ஃபர்ஹானா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள். மூன்று மாதமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறேன் என்றார் அப்பா.

தமயந்தி பதறினாள். "என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

அப்பா சட்டைப் பொத்தானைத் தடவினார்.

"சொன்னேம்மா. ரெண்டு தடவ சொன்னேன்."