ஃபோனை வைத்தது யார்?

"உங்க அக்காவுக்கு ஒரு ஃபோன் பண்ணினா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?"

தையல் மெஷினின் தலையைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டே கேட்டாள் மனைவி. காலையிலிருந்து இது பதினோராவது தடவை.

"ஃபோனை வெச்சது அவ. வெச்சவதான் கூப்பிடணும்" என்றான் அவன். ஊரில் யார் வீட்டு ஃப்ரிட்ஜ் மக்கர் செய்தாலும் வழி கண்டுபிடிக்கிற மெக்கானிக். கூடப் பிறந்தவளோடு பேச மட்டும் வழி தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அப்பாவின் போட்டோ யார் வீட்டில் மாட்டியிருக்க வேண்டும் என்று அக்காவும் தம்பியும் ஃபோனில் மல்லுக்கட்டினார்கள். பேச்சு பாதியில் அறுந்தது. தம்பி வைத்தான் என்று அக்கா சொன்னாள். அக்கா வைத்தாள் என்று தம்பி சொன்னான். லைன் தானாகக் கட் ஆகியிருக்கும் என்று சொல்லப்போன மனைவிக்கு இரண்டு பக்கமும் வசவு. அன்றோடு பேச்சு நின்றது.

தெருவில் ஒலிபெருக்கி வண்டி மறுபடியும் அலறிக்கொண்டு போனது. இன்று இரவு புயல் கரையைக் கடக்கிறது. கடற்கரைத் தெருக்காரர்கள் மூன்று மணிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"பேசாம முகாமுக்குப் போயிடலாம்" என்றான்.

"போன புயல்ல அந்த முகாமோட கூரையே பறந்துச்சே, மறந்துட்டீங்களா? உங்க அக்கா வீடு மேட்டுல இருக்கு. கான்கிரீட் வீடு, தனியாத்தான் இருக்காங்க. அவங்களை விட்டா நமக்கு வேற யாருங்க இருக்காங்க?"

பள்ளிக்கூடப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற மகள் மெதுவாகக் கேட்டாள்: "அத்தை நம்மள உள்ளே விடுவாங்களாப்பா?"

அவனுக்கும் புயலைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

மனைவி கொல்லைப்பக்கம் போய் ரகசியமாக நாத்தனாருக்கு ஃபோன் போட்டாள். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. திரும்பினால் அவன் பின்னாலேயே நிற்கிறான்.

"பார்த்தியா? நமக்காகவே ஆஃப் பண்ணி வெச்சிருக்கா."

"மூணு வருஷமா கூப்பிடாத தம்பி இன்னிக்குக் கூப்பிடுவான்னு ஜோசியமா பார்த்தாங்க? கொஞ்சமாவது யோசிச்சுப் பேசுங்க!"

அவன் சிறிய சரக்கு வண்டியில் சாமான்களை ஏற்றினான். ஏற்றிய லட்சணத்தைப் பார்த்து அவளுக்குத் தலை சுற்றியது.

"இது யாரு வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு?"

"கஸ்டமரோடது. ரப்பர் மாத்தக் கொடுத்திருக்காங்க. விட்டுட்டுப் போனா நாளைக்குக் கேப்பாங்கல்ல?"

"ஊரான் வீட்டுக் கதவுக்கு இடம் இருக்கு, எம் பொண்ணோட துணிமூட்டைக்கு இடம் இல்லை. நல்லா இருக்குங்க நியாயம்!"

கதவு இறங்கியது, மூட்டை ஏறியது. கதவோடு இருக்கும் பூட்டைச் சாவியால் பூட்டிவிட்டு மூவரும் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்கு நாலு மணி நேரம் ஆனது. ஊரே ஒரே ரோட்டில் நின்றது. வழியெல்லாம் அவன் திட்டினான். முன்னால் போன லாரியைத் திட்டினான், மழையைத் திட்டினான், நடுநடுவே மறக்காமல் அக்காவையும் திட்டினான்.

"போய் இறங்கினதும் தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்" என்றாள் மனைவி.

அக்கா வீட்டு வாசலில் இறங்கும்போது மழை சாய்த்து அடித்தது. மனைவி அழைப்பு மணியை அழுத்தினாள். கரண்ட் இல்லை. கதவைத் தட்டினாள். பதில் இல்லை.

"வெளியே பூட்டு தொங்கலை பாரு, கதவுலயே இருக்கிற பூட்டுதான் விழுந்திருக்கு. உள்ளேதான் இருக்கா" என்று கிசுகிசுத்தான். "ஜன்னல் வழியா பார்த்திருப்பா. நான்னு தெரிஞ்சதும் திறக்கலை."

"அப்படியெல்லாம் இருக்காதுங்க. தூங்கறாங்களோ என்னவோ."

"ஊரையே புயல் தூக்கப் போவுது, இவ தூங்குவாளா?"

மகள் குளிரில் நடுங்கினாள். அதைப் பார்த்ததும் அவனுடைய வீறாப்பு கரைந்தது. இரண்டு கையாலும் கதவைத் தட்டினான்.

"அக்கா!"

மூன்று வருஷமாக அவன் வாயில் வராத சொல்.

"அக்கா, கதவைத் திற! கோவமெல்லாம் என்னோட வெச்சுக்க. குழந்தை நனையுது, அவ என்ன பாவம் பண்ணினா? நான் வேணும்னா வெளியிலேயே நிக்கிறேன்!"

உள்ளே சின்ன அசைவுகூட இல்லை. அவன் கண் கலங்கிவிட்டது. அவமானமா, ஆத்திரமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"போதும். கிளம்பு. பெத்தவங்க போனப்பவே எனக்கு எல்லாம் போச்சு. இனிமே செத்தாலும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

மனைவி மகளை முந்தானையால் போர்த்தினாள். நாத்தனார் இப்படிச் செய்வாள் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

அப்போது அவன் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. தெரியாத எண்.

"கடற்கரைத் தெரு கடைசி வீட்டுக்காரர்தானே? மீட்புக் குழுவிலேர்ந்து பேசறேன். லிஸ்ட்ல உங்க நம்பர் இருந்துச்சு. எங்க சார் இருக்கீங்க?"

"நாங்க மேட்டுக்கு வந்துட்டோம் சார். வீட்டுல யாரும் இல்லை."

"அதை இந்த அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க சார்!" மறுமுனையில் அந்த ஆள் காற்றை மீறிக் கத்தினார். "சார்ஜ் இல்லாத ஃபோனை வெச்சுக்கிட்டு அரை மணி நேரமா உங்க வீட்டுக் கதவைத் தட்டிட்டு நிக்கிறாங்க. எங்க வண்டியில ஏற மாட்டேங்கிறாங்க. தம்பி கோவத்துல திறக்காம உள்ளேயே உக்காந்திருக்கானாம், அவனைக் கூட்டிக்காம ஒரு அடி நகர மாட்டாங்களாம்!"